ஐந்தருவியில் நின்ற அண்ணன்

பேய், பிசாசு, கனவில் வந்து சொன்னது, இதெல்லாம் எனக்கு ஒத்துவராத சங்கதிகள் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தென்காசி பக்கம் எங்கள் குத்துக்கல்வலசைத் தெருவில் யாராவது வாசலில் மஞ்சள் துணியில் எதையாவது முடிந்து கட்டினால், "இதுக்குக் கொசுவாவது வராம இருக்குதா?" என்று கேட்டுவிட்டுப் போகிற ஆள் நான். செய்கிற வேலையும் அப்படி. வீட்டில் உட்கார்ந்தபடியே ஒரு கம்பெனிக்குப் புரோகிராம் எழுதுகிறேன். புரோகிராம் தப்பாக ஓடினால் எங்கேயோ ஒரு வரி தப்பாக இருக்கிறது என்று அர்த்தம், தேடினால் அகப்படும், அகப்படாவிட்டால் டீ குடித்துவிட்டு இன்னும் தேட வேண்டும், அவ்வளவுதான். காரணம் இல்லாமல் ஒன்று நடந்து நான் பார்த்ததில்லை, அந்த ஒரு நாளைத் தவிர. நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். தாராளமாகச் சிரியுங்கள், இதைச் சொல்லும்போது எனக்கும் பாதி நேரம் சிரிப்புத்தான் வருகிறது.

போன வருஷம் ஆனி மாசம், சாரல் நன்றாகப் பிடித்திருந்த நேரம். என் மகள் யாழினிக்குக் குற்றாலத்தில் மண்டபம் பிடித்துக் காதுகுத்து வைத்திருந்தோம். எங்கள் பக்கம் காதுகுத்து என்றால் தாய்மாமன் மடிதான். பிள்ளை மாமன் மடியில் ஏறி உட்கார்ந்தால்தான் ஆசாரி பெட்டியையே திறப்பார். எனக்கு இருப்பது ஒரே அண்ணன், சங்கரபாண்டி. ஆலங்குளத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறான். அப்பா அம்மா போன பிறகு என்னைப் படிக்கவைத்தது, கல்யாணம் பண்ணிக்கொடுத்தது எல்லாம் அவன்தான். தங்கமான மனுஷன், ஆனால் கோபம் மட்டும் மூக்குக்கு மேலேயே இருக்கும். ஒரு விருந்தில் பாயச வாளி இவன் இலையைத் தாண்டிப் போய்விட்டது என்று அந்த வீட்டோடு இரண்டு வருஷம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தவன். அந்த வீடு அவனுடைய மாமனார் வீடு.

காதுகுத்துக்கு வாசலில் பிளெக்ஸ் பேனர் வேண்டும், அதில் சொந்தக்காரர் அத்தனை பேர் முகமும் வேண்டும் என்று என் வீட்டுக்காரர் ஆசைப்பட்டார். அவர் பெயர் இசக்கிமுத்து, தென்காசியில் பம்புசெட் கடை. ஒரு பஸ் நிறைய ஆளை எப்படி ஒரு பேனரில் அடக்குவது என்று கேட்டதற்கு, "நீதான் கம்ப்யூட்டர்ல என்னமும் பண்ணுதியே, இதைப் பண்ணேன்" என்றார். சரி, ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். படங்களைத் திருப்ப, வெட்ட, சாய்க்க, நீட்ட, ஒன்றன்மேல் ஒன்று ஒட்ட என்று யாரோ புண்ணியவான்கள் முன்னாலேயே எழுதி வைத்த கட்டளைகளின் மூட்டை ஒன்று இருக்கிறது, அதைத்தான் நாங்கள் லைப்ரரி என்கிறோம். அதைக் கூப்பிட்டு வேலை வாங்க வேண்டியதுதான். போட்டோக்களை ஒரு போல்டரில் போட்டு ஓடவிட்டால், ஒவ்வொன்றையும் நடுவில் வட்டமாக வெட்டி, பெயரோடு வரிசையில் வைத்துவிடும். தாய்மாமன் வட்டம் மட்டும் பெரிசு, அதைச் சுற்றி ஒரு பூ வளையம். எழுதிக் கொடுத்தது நான், கடையில் உட்கார்ந்து ஓடவிட்டது அவர். இதை நன்றாக மனசில் வைத்துக்கொள்ளுங்கள், எங்கள் வீட்டில் இந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

மற்ற சொந்தக்காரர் எல்லாம் குடும்பக் குரூப்பில் போட்டோ போட்டார்கள். அப்படிப் போட்டால் படம் சுருங்கி, நிமிர்ந்து, ஒழுங்காக வந்துவிடும். ஆனால் தாய்மாமன் படம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று என் வீட்டுக்காரர் அண்ணனுக்குத் தனியாகப் போன் போட்டு, "சுருக்காம ஒரிஜினலா அப்படியே அனுப்புங்க மச்சான்" என்று கேட்டு வாங்கியிருக்கிறார். மரியாதைக்காகச் செய்ததுதான் வினையாகப் போனது. போனை நட்டமாக நிமிர்த்திப் பிடித்து எடுத்தாலும் பல போனில் படம் உள்ளே படுத்தபடிதான் பதிவாகும், கூடவே "காட்டும்போது என்னை நிமிர்த்திக் காட்டு" என்று ஒரு குறிப்பு இருக்கும். அந்தக் குறிப்பைப் பார் என்று நாம் ஒரு வரி எழுதினால் லைப்ரரி பார்க்கும், எழுதாவிட்டால் பார்க்காது. ஒரிஜினல் படம் வரப்போகிறது என்று எனக்கு யார் சொன்னார்கள்? ஓடவிட்டவரோ, பெயர்களில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். பேனர் அடிப்பவர் அதைப் பார்த்துவிட்டு, இப்போது இதுதான் ஸ்டைல் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாராம்.

விசேஷத்துக்கு முந்தின நாள் காலையில் பேனரைக் கட்டினார்கள். எல்லா முகமும் நிமிர்ந்து சிரிக்கிறது. நடுவில் பெரிய வட்டத்தில் என் அண்ணன் மட்டும் படுத்திருக்கிறான். சுற்றிலும் பூ வளையம்.

நான் மண்டபத்துக்குப் போய்ச் சேருவதற்குள் ஆலங்குளத்துக்காரர் யாரோ பஸ் ஜன்னலிலிருந்து பேனரைப் பார்த்துவிட்டு நேரே கடைக்குப் போன் போட்டிருக்கிறார். போனை எடுத்தது அண்ணனேதான். அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டாராம், "சங்கரபாண்டி அண்ணாச்சி போயிட்டாவளாமே, எப்ப தூக்குதாவ?"

அடுத்த நிமிஷம் என் போன் அடித்தது.

"ஏட்டி செம்பகம், நான் இருக்கேனா, போயிட்டேனா?"

"அண்ணே, அது வந்து..."

"கெடத்தி, மாலையும் வச்சிட்டீய. பொறவு நான் எதுக்கு வரணும்? பொணத்து மடியில புள்ளைய வைக்கலாமா?"

என் வீட்டுக்காரர் போனைப் பிடுங்கினார். அவர் பேசாமல் இருந்திருந்தால்கூடக் கொஞ்சம் ஆறியிருக்கும். "ஒரு சின்ன மிஸ்டேக்கு மச்சான், இப்பமே கழத்திருதோம். சவத்தத் தள்ளுங்க" என்று சொல்லிவிட்டார். எங்கள் ஊரில் "அதை விட்டுத்தள்ளு" என்பதற்கு எல்லார் வாயிலும் வருவது அதுதான், சின்னப் பிள்ளைகள்கூடச் சொல்லும். அன்றைக்கு என் அண்ணனிடம் சொல்லியிருக்க வேண்டாம். போன் கட்டாகிவிட்டது.

அதற்குப் பிறகு எத்தனை தடவை அடித்தும் எடுக்கவில்லை. அண்ணன் மனைவி, வேலம்மா மதினிதான் ஒளிந்து நின்று பேசினாள். "கடையப் பூட்டிட்டாவ. சீர்த்தட்டு எல்லாம் கட்டி வச்சது அப்படியே கெடக்கு. 'எவன் மடியிலயும் வச்சுக் குத்திக்கிடட்டும், எனக்குத் தங்கச்சியே இல்லன்னு நெனைச்சுக்கிடுதேன்'னு சொல்லுதாவ. அழாத தாயி."

எப்படி அழாமல் இருப்பது? மறுநாள் காலையில் முகூர்த்தம். என் மாமியார் வழிச் சொந்தத்தில் ஒருவர், நல்ல எண்ணத்தில்தான், "எங்க பக்கம் மாமன் மொறையில ஒருத்தன் இருக்கான், அவன் மடியில வச்சிருவோம்மா" என்றார். எனக்கு என்று இருப்பது அந்த ஒரு மடிதான். அண்ணன் வராவிட்டால் என் பிள்ளைக்குக் காதே குத்த வேண்டாம், மூளியாகவே வளரட்டும் என்று சொல்லிவிட்டு ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்தவள் கொஞ்ச நேரத்தில் எழுந்தும் விட்டேன், அழுதுகொண்டே இருக்கிற ஜாதகம் எனக்கில்லை. பழைய பேனரைக் கிழித்தாகிவிட்டது. சாயங்காலத்துக்குள் புதிதாக ஒன்று தயார் பண்ண வேண்டும், அதில் அண்ணனை முழுசாக, நட்டமாக, எல்லாரையும்விடப் பெரிசாக நிறுத்த வேண்டும், அதைப் போனில் எடுத்துக்கொண்டு ஆலங்குளம் போய் அவன் காலில் விழ வேண்டும் என்று முடிவு பண்ணினேன். பழைய பேனரில் பின்னால் எங்கேயோ வெளிநாட்டு அருவியை நெட்டிலிருந்து இறக்கிப் போட்டிருந்தார் என் வீட்டுக்காரர். குற்றாலத்தில் காதுகுத்து வைத்துவிட்டு ஐஸ் உருகுகிற அருவியைப் போடுவதா? இந்தத் தடவை நம் ஐந்தருவியைத்தான் போடுவது என்று கிளம்பினேன்.

சீசனில் ஐந்தருவிக்கு நீங்கள் போயிருந்தால் தெரியும், அருவியைப் பார்க்க முடியாது, ஆள்களைத்தான் பார்க்க முடியும். தலையில் எண்ணெய் வழிய நிற்கிறவர்கள், துண்டைத் தலையில் முண்டாசாகக் கட்டினவர்கள், "கொஞ்சம் தள்ளி நில்லுங்கண்ணே" என்று இடுக்கில் நுழைகிறவர்கள், தண்ணீருக்குள் வாயைத் திறந்து பாட்டுப் பாடுகிறவர்கள், வெளியே வந்து நடுங்கிக்கொண்டே மிளகாய் பஜ்ஜி தின்கிறவர்கள். அருவியைத் தனியாக எடுக்க ஒரு வழி இருக்கிறது. ஒரே இடத்தில் நின்று வரிசையாக நிறையப் படம் எடுக்க வேண்டும். கை ஆடியிருக்கும், அதனால் லைப்ரரி ஒவ்வொரு படத்தையும் லேசாகத் திருப்பி நகர்த்தி, பாறைக்குப் பாறை பொருந்துகிற மாதிரி அடுக்கிவிடும். பிறகு ஒவ்வொரு புள்ளியிலும் எல்லாப் படங்களிலும் என்ன நிறம் இருக்கிறது என்று வரிசைப்படுத்தி, நடுவில் இருக்கிற நிறத்தை எடுத்துக்கொள்ளும். ஆள்கள் நகர்ந்துகொண்டே இருப்பார்கள், பாறை நகராது. ஆகவே ஆள்கள் எல்லாரும் மறைந்து, பாறையும் தண்ணீரும் மட்டும் நிற்கும்.

போனைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கம்பித் தடுப்பின்மேல் ஊன்றி வைத்து, ஆண்கள் குளிக்கிற பக்கத்தைப் பார்த்து எடுத்துக்கொண்டே இருந்தேன். அழுத கண்ணோடு போனவள்தான், ஆனால் அந்த இடம் சும்மா விடாது. சாரல் முகத்தில் அடிக்கிறது, கூட வந்திருந்த சொந்தக்காரப் பிள்ளைகள் என் சேலையைப் பிடித்து இழுக்கிறார்கள், பெரிய தொந்தி போட்ட ஒருவர் சிவப்புத் துண்டைக் கட்டிக்கொண்டு தண்ணீருக்கு முதுகைக் கொடுத்து "ஆத்தாடி ஆத்தாடி" என்று கத்துகிறார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அண்ணனும் இப்படித்தான் கத்துவான். அவனும் இருந்திருக்கலாமே என்று நினைத்தேன், அதை மறைக்கவில்லை, நினைத்தேன்.

மண்டபத்துக்குத் திரும்பி, மாடி அறையில் லேப்டாப்பைத் திறந்தேன். வெளியே நல்ல வெளிச்சம் இருந்தது, கீழே தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டது, பேய்க்கதைக்கான எந்த லட்சணமும் அங்கே இல்லை. புரோகிராமை ஓடவிட்டேன். படம் வந்தது. நினைத்த மாதிரியே அத்தனை கூட்டமும் காணாமல் போய், வெறும் கறுத்த பாறையும் பாலாகத் தண்ணீரும். பார்க்க அவ்வளவு அழகு.

ஓரத்தில் மட்டும் ஒரு ஆள் நின்றார்.

எரிச்சலாக வந்தது. நான் எடுத்த நேரம் முழுக்க அசையாமல் ஒரே இடத்தில் நின்றிருந்தால்தான் இப்படித் தங்குவார், யாரடா அவ்வளவு நேரம் மற்றவர்களுக்கு வழிவிடாமல் நின்ற மகராசன் என்று பெரிசாக்கிப் பார்த்தேன். இடுப்பில் வேட்டி, தலைக்கு மேலே கூப்பின கை, முகத்தில் தண்ணீர் வழிய வாய் நிறையச் சிரிப்பு. என் அண்ணன்.

நம்பினால் நம்புங்கள், எனக்கு முதலில் பயமே வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. கள்ளப்பய, கோபித்துக்கொண்டு வீட்டில் கிடக்கிறேன் என்று சொல்லிவிட்டு இங்கே வந்து குளித்துக்கொண்டிருக்கிறான் என்று நினைத்தேன். "ஏங்க, அண்ணன் வந்துட்டாங்க" என்று படியில் ஓடி இறங்கி என் வீட்டுக்காரரைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "மச்சானேதான். எங்கன எடுத்த?" என்றார். எடுத்த படங்களைத் திறந்து ஒவ்வொன்றாகத் தள்ளினேன். ஒரு படத்தில்கூட அண்ணன் இல்லை.

மறுபடியும் தள்ளினேன். அவன் நின்ற அந்த ஓரத்தில் முதல் படத்தில் சிவப்புத் துண்டுக்காரர் இருக்கிறார், அடுத்ததில் காலேஜ் பையன்கள், அதற்கடுத்ததில் நெற்றியில் திருநீறு கரையாமல் நிற்கிற ஒரு பெரியவர். அண்ணன் எங்கேயும் இல்லை. எங்கேயோ ஒரு வரி தப்பு என்று சொன்னேன். படத்தில் இருக்கிற நிறம் ஒவ்வொன்றும் எடுத்த படம் ஏதோ ஒன்றிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். அங்கங்கே தொட்டுத் தேடிப் பார்த்தேன். தோள், தொந்திக்காரருடைய தோள். தலைமுடியின் கறுப்பு, காலேஜ் பையன் ஒருவனுடைய தலை. கூப்பின கையில் ஒன்று பெரியவருடையது. வேட்டியின் வெள்ளை, நுரை. ஆளுக்குக் கொஞ்சமாகச் சேர்ந்து என் அண்ணனாக நிற்கிறார்கள். அப்போதுதான் லேப்டாப்பை விட்டுக் கையை எடுத்தேன்.

"மதினிக்குப் போன் போடு" என்றார் அவர்.

போட்டேன். மணி ஒலித்துக்கொண்டே இருந்தது. அந்தக் கொஞ்ச நேரத்தில் என்னென்னவோ நினைப்பு ஓடியது, அதையெல்லாம் இங்கே சொல்ல மாட்டேன். காலையில் அவனைப் படுக்கவைத்த பேனர் வேறு கண்முன்னால் வந்து வந்து போனது. மதினி எடுத்ததும், "மதினி, அண்ணன் எங்க?" என்று கத்திவிட்டேன்.

"ஏன் கெடந்து கத்துத? இங்கதான் இருக்காவ. சாப்பிட்டுட்டுப் படுத்தாவ, இப்பதான் எந்திச்சாவ. அது ஒரு கூத்து, கேளேன். தலையெல்லாம் சொட்டச் சொட்ட நனைஞ்சு கெடக்கு. தலவாணியப் புழிஞ்சா தண்ணி வருது. எந்தப் பய ஊத்துனான்னு புள்ளையள ஏசிக்கிட்டு இருக்காவ. அதுக ரெண்டும் டியூசன் போயி எம்புட்டு நேரமாச்சு."

"அங்க மழையா?"

"மழையா? இங்க மண்டைய வெயில் பொளக்குது."

படத்தை மதினியின் போனுக்கு அனுப்பினேன், அவனிடம் காட்டுங்கள் என்று மட்டும் சொன்னேன். போனை வைத்துவிட்டு நானும் அவரும் மறுபடியும் படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தோம். கீழே யாரோ சாம்பாருக்குப் பெருங்காயம் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. அண்ணனே கூப்பிட்டான். குரலில் காலையில் இருந்த காரம் இல்லை.

"ஏட்டி, இது எப்ப எடுத்த?"

"இன்னைக்கு மத்தியானம், அண்ணே."

"எங்கன?"

"ஐந்தருவில."

மதினியின் போனை இன்னொரு தடவை வாங்கிப் பார்த்தான் போலிருக்கிறது. பிறகு கேட்டான், "இதுல நான் நின்னுக்கிட்டுத்தான இருக்கேன்?"

"ஆமாண்ணே. நட்டமா நிக்க."

"வேற யாரும் இல்லையே? நான் மட்டுந்தான?"

"நீ மட்டுந்தாண்ணே."

"இதையே போடச் சொல்லு மாப்ளைய" என்றான். "சீர எடுத்துக்கிட்டு வாரோம்."

அவ்வளவுதான். நான் தரையில் உட்கார்ந்து அழுதேன், என் வீட்டுக்காரர் அதே இடத்தில் நின்று சிரித்தார், அவருக்கும் கண் கலங்கியிருந்தது. பேனர் கடைக்குப் படத்தை அனுப்பினோம். இந்தத் தடவை என் வீட்டுக்காரர் தலையைச் சாய்த்து, லேப்டாப்பைத் திருப்பி, எல்லாப் பக்கமிருந்தும் பார்த்த பிறகுதான் அனுப்பவிட்டார்.

மறுநாள் விடிந்ததும் ஆலங்குளத்திலிருந்து வேன் வந்தது. மேளத்தோடு இறங்கினான் என் அண்ணன், தலையில் பட்டுத் துண்டு, பின்னால் மதினி, அதற்குப் பின்னால் தட்டுத் தட்டாகச் சீர், வாழைத்தாருக்கு மட்டும் இரண்டு ஆள். நேரே உள்ளே வரவில்லை. பேனருக்கு முன்னால் போய் நின்று, இடுப்பில் கைவைத்து, அதில் தன் ஆள் உயரத்துக்குத் தானே நிற்பதை ஏற இறங்கப் பார்த்தான். மேளக்காரர்களும் அடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். "வேட்டி கொஞ்சம் நல்லதா கெட்டியிருக்கலாம்" என்றான். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தார், வாயை மட்டும் திறக்கக் கூடாது என்று நான் முன்னாலேயே சொல்லி வைத்திருந்தேன்.

யாழினி அவன் மடியில் உட்கார்ந்தாள். முதல் காது குத்தும்போது போட்ட கூப்பாட்டில் அண்ணனுக்குத்தான் கண்ணீர் கொட்டியது. "மெதுவாய்யா, புள்ளைய்யா" என்று ஆசாரியைத் திட்டினான். இரண்டாவது காதுக்கு அவள் அவன் மீசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், விடவே இல்லை. அந்தப் போட்டோ எங்கள் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது. அதை நான் புரோகிராமில் போடவில்லை, தொடவே இல்லை, எடுத்தபடியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சாப்பாட்டுப் பந்தியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து பாயசத்தை நானே ஊற்றினேன். அப்போது தானாகவே சொன்னான். "நேத்து மத்தியானம் ஒரு கனா. ஐந்தருவில நிக்கேன். உள்ள போக எடமே இல்ல, அப்படிக் கூட்டம். அப்ப செவப்புத் துண்டு கெட்டுன ஒரு தொந்திக்காரரு, 'வாங்க அண்ணாச்சி, இங்கன நில்லுங்க'ன்னு ஒதுங்குனாரு. காலேஜ் பயலுவ நவுந்தானுவ. துண்ணூறு பூசுன பெரியவரு ஒருத்தரு கையப் புடிச்சு உள்ள விட்டாரு. ஆளாளுக்குக் கொஞ்சம் எடம் குடுத்தாவ."

நான் வாயில் வைத்த சோற்றை மென்றுகொண்டே இருந்தேன். நான் எடுத்த படங்களை அவன் பார்க்கவில்லை. யார் தோள், யார் கை என்று நான் தேடிப் பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை, பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரருக்கும் அது புரியவில்லை. நீங்கள் இப்போது பார்க்கிற மாதிரிதான் நானும் அண்ணனைப் பார்த்தேன். அவன் இலையில் கவனமாக அப்பளத்தை நொறுக்கிப் பாயசத்தில் போட்டுக்கொண்டிருந்தான்.

விசேஷம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்தப் புரோகிராமைத் திரும்ப ஓடவிட்டேன். அதே படங்கள், அதே புரோகிராம், ஒரு எழுத்து மாற்றவில்லை. பாறையும் தண்ணீரும் வந்தன, ஓரம் காலியாக இருந்தது. எத்தனையோ தடவை ஓடவிட்டாயிற்று, காலியாகத்தான் இருக்கிறது. கூட வேலை செய்கிறவர்களிடம் சொன்னால், வேறு போல்டர் கலந்திருக்கும், பழைய படம் உள்ளே வந்திருக்கும் என்று ஏதாவது சொல்வார்கள். நானும் அதையெல்லாம் தேடிப் பார்த்தவள்தான். அண்ணன் அருவியில் நிற்கிற படம் ஒன்று இந்த உலகத்தில் இருந்திருந்தால் முதல் பேனருக்கு அதையே கேட்டிருக்க மாட்டோமா?

போன மாசம் ஒரு நாள் வேலை சீக்கிரம் முடிந்தது. அன்றைக்குச் சேமித்து வைத்த அந்த ஒரே படத்தை எடுத்து, அங்கங்கே தொட்டுப் பார்ப்பதை விட்டுவிட்டு முழுசாகச் சோதித்துவிடுவோம் என்று ஒரு சின்னப் புரோகிராம் எழுதினேன். ஒவ்வொரு புள்ளியையும் எடுத்துக்கொள், அது எடுத்த படம் எதிலாவது அதே இடத்தில் இருந்தால் கறுப்பாக்கிவிடு, எதிலும் இல்லாவிட்டால் அப்படியே விட்டுவிடு. ஓடவிட்டேன். பாறை கறுத்தது. தண்ணீர் கறுத்தது. அண்ணனுடைய தோள், தலை, கூப்பின கை, வேட்டி எல்லாம் ஒவ்வொன்றாகக் கறுப்பில் போய் மறைந்தன. கடைசியில் கறுப்புத் திரையின் ஓரத்தில் மிச்சம் இருந்தது அவன் கண்ணும் வாயும்தான். அந்தச் சிரிப்பை மட்டும் அங்கே இருந்த யாரும் கொடுக்கவில்லை.

உடனே அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, அன்னைக்கு அந்தக் கனாவுல நீ சிரிச்சியா?"

"சிரிக்கவா? நல்ல கேள்வி கேட்ட. உள்ள நிக்கும்போதும் ஒன்னையும் ஒன் மாப்பிள்ளையையும் ஏசிக்கிட்டுல்லா நின்னேன். எந்திச்ச பொறவும் பல்லக் கடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். ஏன் கேக்க?"

"சும்மாதான்" என்றேன்.

யாழினிக்குக் கொலுசு எடுத்து வைத்திருப்பதாகவும், ஞாயிற்றுக்கிழமை வரும்போது கொண்டுவருவதாகவும் சொல்லிவிட்டு அவன் போனை வைத்தான். திரையில் அது இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது.